கட்டுக்கு ஐம்பது

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தினம் ஒரு வழக்கு நடக்கும். கூடையைத் தராசில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் கணக்குப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லித் துண்டில் எழுதிவிடுவார். மழை நாளென்றால் தண்ணீருக்கு இரண்டு றாத்தல் கழிவு. வெயில் நாளென்றால் சாக்குக்கு ஒன்று. "மறுபடி நிறுங்கய்யா" என்று அம்மா சொன்னால் வரிசையில் நிற்கும் பொம்பளைகள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சில நாள் மனமிரங்கி மறுபடி நிறுப்பார். முள் அம்மா சொன்ன இடத்தில்தான் நிற்கும். துண்டில் மாத்திரம் பழைய எண்ணே இருக்கும்.

பிற்காலத்தில் நான் ஆசிரியனாகி, தேர்தலுக்குத் தேர்தல் வாக்கெண்ணும் மேசையில் உட்கார்ந்தபோது இந்த மடுவம் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். கட்டின் மேலே இறப்பர் வளையம், ஓரத்தில் என் சுருக்கக் கையெழுத்து. எதிரே கம்பிக் கிராதி போல முகவர்கள். என் விரலை விட்டு அவர்கள் கண் நகராது. மடுவத்தில் அம்மா பார்த்த பார்வை அதுதான்.

தொண்ணூறுகளில் வந்த ஒரு தேர்தல். எந்தக் கட்சி, யார் வேட்பாளர் என்று எழுதமாட்டேன். இரகசியம் காப்பதாகச் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். ஓய்வூதியம் வாங்கினாலும் அந்தக் கையெழுத்து கையெழுத்துதான். கட்சி வாக்கு நள்ளிரவோடு முடிந்துவிட்டது, அதில் தகராறு இல்லை. சண்டை விருப்பு வாக்கில். 1989 பொதுத் தேர்தலோடு இந்த முறை வந்தது. முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் அவரவர் இலக்கத்தில் ஒவ்வொரு புள்ளடி. அதுவரைக்கும் எதிரி அடுத்த கட்சியில் இருந்தான். அன்று முதல் ஒரே மேடையில் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தான்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். நுவரெலியாக் குளிருக்கு விரல் மடங்கவில்லை. ஒரே பட்டியலைச் சேர்ந்த இரண்டு பேருக்கு இடையில் வித்தியாசம் மிகச் சொற்பம். பின்தங்கியவரின் ஆட்கள் மீள எண்ணக் கேட்டார்கள். முடிவுப் பத்திரத்தில் ஒப்பமிடுவதற்கு முன் கேட்டால் எண்ணித்தான் கொடுக்க வேண்டும், ஆகக் கூடியது இரண்டு தரம். அதற்குப் பிறகு தேர்தல் மனு போட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். கட்டுகளை அவிழ்த்தோம்.

பாதி வழியில் என் கையில் ஒரு சீட்டு வந்தது. சின்னத்தில் ஒழுங்கான புள்ளடி, கீழே இரண்டு இலக்கத்தில் இரண்டு புள்ளடி. ஓரத்தில் மட்டும் பெருவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். "சேர், இது செல்லாது. வாக்காளர அடையாளம் காட்டுற குறி இருந்தா தள்ளணும்னு சட்டம்." சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பேர் எழுதியிருந்தாலோ கையெழுத்து வைத்திருந்தாலோ தள்ளிவிடுவோம். எதிர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத் தலைவர், வயசாளி, அதுவரைக்கும் வாயே திறக்காதவர், தன் இரண்டு கையையும் மேசை மேல் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. "கொழுந்துக் கறைங்க சேர். இத வச்சு ஆள அடையாளம் காணணும்னா இந்த மாவட்டத்துல பாதிப் பேரப் புடிக்கணும்." மேசையில் இருந்த சிங்கள அலுவலர் ஒருவர் சிரித்தேவிட்டார். பொறுப்பதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தார். கறை கறைதான், செல்லும் என்றார்.

அந்த வாக்கால் யாரும் ஜெயிக்கவில்லை. எண்ணி முடித்தபோது வித்தியாசம் ஓரிரண்டு கூடிக் குறைந்தது. முதலில் முந்தியவரே முந்தினார். ஆனால் இடையில் என் கையெழுத்து இருந்த ஒரு கட்டில் நாற்பத்தொன்பதே சீட்டு இருந்தது. அதற்கடுத்த கட்டில் ஐம்பத்தொன்று. தூக்கத்தில் ஒன்று மாறிப் போயிருக்கிறது, மொத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதை யாரிடம் சொல்ல? "அப்ப மத்தக் கட்டெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார். அன்று முழுக்க என் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை. மீள எண்ணுவதால் சந்தேகம் தீரும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் அந்த மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சில வருடம் கழித்து, 2000ஆம் ஆண்டு, அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் துளை விழுந்தும் விழாமலும் தொங்கிய அட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்களே, அதைத் தொலைக்காட்சியில் கண்டபோது எனக்கு அந்தக் கறைதான் தெரிந்தது. அங்கே 537 வாக்கு வித்தியாசம். நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று பிரிந்து நின்று எண்ணுவதையே நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டு இராதாபுரம் வழக்கு இன்னும் கிட்டத்தில் வந்து குத்தியது. 2016 சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் அப்பாவு தோற்றது 49 வாக்கில். என் கட்டில் இருந்த அதே நாற்பத்தொன்பது! தபால் வாக்குகள் இருநூறுக்கு மேல் தள்ளுபடியான காரணம் என்ன தெரியுமா? அத்தாட்சிக் கையெழுத்து வைத்தவர்கள் பாடசாலைத் தலைமை ஆசிரியர்கள், அவர்கள் அதற்குத் தகுதியான அதிகாரிகள் இல்லையாம். தகுதியுண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்து, 2019 ஒக்டோபரில் மீள எண்ணவும் வைத்தது. முடிவை வெளியிடக் கூடாதென்று டில்லி உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நானும் தலைமை ஆசிரியனாக இருந்தவன், ஆதலால் இந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் மேசை மேல் நடந்த எண்ணல். எங்கள் மலையில் நடந்த பெரிய மீள் எண்ணலுக்கு மேசையும் இல்லை, முகவரும் இல்லை.

அப்பா கவ்வாத்துக்காரர். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். இராப் பாடசாலையில் எழுத்துப் படித்தவர். 1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேர்தல் நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கவில்லை. ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தொகுதிக்கொரு நாளாக இழுத்தது. ஒரு தொகுதியின் முடிவு வந்த பிறகு அடுத்த தொகுதிக்காரன் வாக்குப் போடுவான். லயத்துக்கு லயம் சேதி ஓடுமாம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் பிடித்தது: நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அளுத்நுவரவில் இராமானுஜம். வேலுப்பிள்ளை மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், கவிஞர். தோட்டத்துப் பிள்ளை ஒன்று பாராளுமன்றம் போனதை அப்பா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு என்பது கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு ஒன்றும் இருந்தது. தெரிவான 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42. பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகளைக் கூட்டித்தான் டீ. எஸ். சேனாநாயக்க அரசாங்கம் அமைத்தார். காங்கிரஸ் நிற்காத இருபது தொகுதிகள் வரையில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போய்த் தராசைச் சாய்த்தது என்பார்கள். அந்தக் கணக்கைக் கொழும்பிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

சந்தேகம் அன்று புதிதாக முளைத்ததும் இல்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் தனிச் சல்லடை: நிரந்தரக் குடியிருப்பைக் காட்டு, இல்லாவிட்டால் ஐந்து வருடம் இருந்ததாக அத்தாட்சிப் பத்திரம் எடு. அதையும் தாண்டி இலட்சம் பேரளவில் வாக்காளர் இடாப்பில் ஏறினார்கள். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார். 1939 அளவில் தொகை இரண்டேகால் இலட்சத்தைத் தொட்டது. தொட்டதும் பெயர்களைக் கூர்மையாகப் பரிசோதித்தார்கள், தொகை இறங்கியது. கணக்கு பிடிக்காவிட்டால் மறுபடி நிறுக்கிற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். அதே வருடம் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம்: பிரஜையாக இல்லாதவன் பெயர் இடாப்பில் இருக்காது. முதல் இரண்டும் யார் இந்நாட்டவர் என்று பேசின. மூன்றாவதுதான் கத்தரிக்கோல். தலவாக்கலையில் 1947இல் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் வாக்காளர். 1952இல் மூவாயிரம்கூட இல்லை. காங்கிரசுக்கு அந்தத் தேர்தலில் ஒரு இடமும் கிடைக்கவில்லை. அந்த வருடம் கொழும்பில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வழக்கும் நடந்தது. கொடக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரைக்கும் ஏறி, சட்டம் செல்லும் என்ற தீர்ப்போடு 1953இல் இறங்கியது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதியிருக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். தராசில் எந்தக் கூலிக்காரியின் பெயரும்தான் எழுதியிருக்காது.

அப்பா இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "நாங்க ஒரு தரம் எண்ணுனோம். அவுங்க ரெண்டாந்தரம் எண்ணுனாங்க."

அப்பா பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்களில் ஒருவர். 1951 ஓகஸ்டுக்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. பத்து வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்கு. அப்பாவுக்குக் கிடைத்தது தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் பழைய செக்ரோல் புத்தகங்களைக் காப்பாற்றி வைத்திருந்த புண்ணியத்தில். அதனால்தான் நான் அரசாங்க ஆசிரியனாக முடிந்தது. பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய், தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் அதே கொழுந்தைத்தான் பார்த்தார். அங்கே அவருக்கு வாக்கு இருந்தது. பேர் "சிலோன்காரன்".

1977 ஜூலை. நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. வாக்காளனுக்கு மூன்று வாக்கு, மூன்றையும் ஒருவருக்கே போடலாம். சேவல் சின்னத்தில் தொண்டமான். "மூணையும் சேவலுக்கே குத்து" என்பதுதான் பிரட்டுக் களத்தில் பிரசாரம், வேறு பேச்சில்லை. காமினி திசாநாயக்க 65,903, அநுர பண்டாரநாயக்க 48,776, தொண்டமான் 35,743. மூன்றாமவராக உள்ளே போனார். முப்பது வருடத்துக்குப் பிறகு தோட்டத்து வாக்கில் ஒரு ஆள். ஹட்டன் கடையில் அன்று கேட்ட தர்க்கம் ஞாபகமிருக்கிறது. "முப்பத்தையாயிரம் பேரா போட்டாங்க? மூன்றால பிரிச்சுப் பார், பன்னிரண்டாயிரம்கூட வராது" என்று ஒருவர். "ஒரு ஆளுக்கு மூணு வாக்குன்னு எழுதுனது நாங்களா?" என்று மற்றவர். இரண்டும் சரி. பிளேன்டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அப்பா அன்று கடைக்கு வரவில்லை. வாக்குச்சாவடியிலிருந்து வந்தவர் கோட்டைக் கழற்றாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அரைவாசிக் கணக்கு எங்கள் ஆட்களுக்கு 1988இல் பழகியது. ஜனாதிபதியாக வேண்டுமானால் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் முதல் இருவரைத் தவிர்த்து மற்றவர்களின் சீட்டுகளைப் பிரித்து இரண்டாம் விருப்பை எண்ண வேண்டும். பிரேமதாசவுக்கு 2,569,199. வீதத்தில் 50.43. பாதிக்கு மேலே இருபத்தோராயிரத்துச் சொச்சம்! தொண்டமான் அந்த அரசாங்கத்தில் அமைச்சர். எங்கள் வாக்குதான் தூக்கி நிறுத்தியது என்று இங்கே மீசையை முறுக்கினோம். பயத்தில் பாதி நாடு வாக்களிக்கவே போகவில்லை, இது என்ன தேர்தல் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அதுவும் உண்மைதான், அந்த டிசம்பரில் வாக்குப்பெட்டியோடு லொறியில் ஏறியவர்களைக் கேட்டால் தெரியும். சிறிமாவோ பண்டாரநாயக்க மனு போட்டார். 1992இல் தள்ளுபடியானது. 1994இல் இன்னும் மெல்லிய நூல். 225 பேர் கொண்ட சபையில் பொதுசன முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற மலையக மக்கள் முன்னணி பெ. சந்திரசேகரன் ஒருவர். கூட்டினால் 113. அந்த ஒரு ஆளை வைத்து ஒரு அரசாங்கம்.

2010இல் நாவலப்பிட்டியில் நடந்தது வேறு வகை. 37 வாக்குச்சாவடிகளின் வாக்கைத் தேர்தல் ஆணையாளர் செல்லாதென்று சொல்லி, ஏப்ரல் 20ஆம் திகதி மீண்டும் வாக்களிக்க வைத்தார். எண்ணியதில் பிழையென்றால் மீள எண்ணலாம், பெட்டியிலேயே பிழையென்றால் எண்ணி என்ன செய்வது? அந்த ஏப்ரலில் ஒருநாள் சம்பளத்தை விட்டு இரண்டாம் தரம் வரிசையில் நின்ற பொம்பளைகளைப் பற்றி அந்தப் பக்கத்து ஆசிரிய நண்பர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

நான் எண்ணிய காலம் முழுக்க என்னைத் தின்றது தள்ளுபடிச் சீட்டு. 2020 பொதுத் தேர்தலில் நாடு முழுக்க 744,373 நிராகரிப்பு. எங்கள் மாவட்டம் இந்தக் கணக்கில் வழக்கமாக முன்வரிசை. காரணம் மேசையில் தெரியும். கட்சிக்குப் புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டது, செல்லாது. இரண்டு சின்னத்துக்குப் போட்டது, செல்லாது. கோபத்தில் சம்பளத் தொகையை எழுதிவிட்டுப் போனது, செல்லாது. நாலு இலக்கத்தில் போட்டால் கட்சிக்குச் செல்லும், ஆளுக்குச் செல்லாது. 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்துவதற்கு முன் முகவர்களிடம் தூக்கிக் காட்டுவோம். கட்சிச் சண்டையில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இதற்குத் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், இரண்டு பக்கத்துக்கும் உதவாத சீட்டு என்பதால். அந்தத் தலைவர் ஒருவர்தான், கறைச் சீட்டுக்குக் கை விரித்தவர், தள்ளுபடிக் கட்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல இதச் சொல்லிக் குடுக்கலாமே சேர்" என்றார். நான் அப்போது ஐந்தாம் வகுப்புக்குப் பிரிப்புக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணியது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், யாருக்கும் பாதி இல்லை. பேரனும் நானும் தொலைக்காட்சி முன் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். நுவரெலியா சஜித் பிரேமதாசவுக்கு விழுந்திருந்தது. இரண்டாம் எண்ணிக்கையில் அவருக்கு 167,867 கூடியது. திசாநாயக்கவுக்கு 105,264. தோற்றவருக்குத்தான் அதிகம் கூடியது, வென்றவரே வென்றார். "பின்ன எதுக்குத் தாத்தா எண்ணுனாங்க?" என்றான் பேரன். சட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன், அவன் தூங்கிவிட்டான்.

வருடா வருடம் வாக்காளர் பதிவுக்குப் பீ.சி. படிவம் வரும். நிரப்பிக் கொடுப்போம். பிறகு இடாப்புப் பிரதியைப் பார்வைக்கு வைப்பார்கள். அப்பா 1977க்குப் பிறகு அதைப் பார்க்காமல் ஒரு வருடமும் விட்டதில்லை. அவர் போன பிறகு நான். பணிய லயத்தில் வீட்டு இலக்கம் ஒழுங்காக இல்லாத வரிசைகளில் பெயர்கள் குதித்துக் குதித்து நிற்கும். ஆட்காட்டி விரலை வைத்து இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தத் தடவை ஐந்து பேர். மருமகளின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கிராம உத்தியோகத்தரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். அடுத்த வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், இடாப்பில் மூன்று. "கொழும்புக்கு வேலைக்குப் போன பொடியன் விட்டுப்போச்சு போல" என்றார் அவர். நான் மறுபடி மேலிருந்து விரலை வைத்தேன்.